தவசிமுத்துவுக்குப் பூசிய வெண்ணெய்

“என் தம்பிய என்ன பண்ணி அனுப்புன? இன்னைக்கு நீ சொல்லாம இந்த வாசல விட்டு நான் நகர மாட்டேன்!”

“நகராதீக. யாரு நகரச் சொன்னா? குளிப்பாட்டுனேன், கோடி வேட்டி கட்டுனேன், நீங்க கேட்ட மாதிரி நெத்தியில ஒத்த ரூபா வச்சேன். வேற என்ன பண்ணுவா ஒரு பொம்பள?”

“அப்புறம் ஏன் எரியல?”

குழாயடியில் என் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. நான் தண்ணீர் பிடிக்கத்தான் போயிருந்தேன். குழாய் முனீஸ்வரி வீட்டு வாசலுக்கு நேரே இருந்தால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

கத்தியவர் சீனிப்பாண்டி. முனீஸ்வரியின் புருஷன் தவசிமுத்துவுக்கு அண்ணன். காடாத்துக்குப் போய்விட்டு நேரே இங்கே வந்திருந்தார். முதல் நாள் எரித்த இடத்தில் மறுநாள் காலை எலும்பு பொறுக்கிப் பால் தெளிக்கிற சடங்கு அது. கொண்டுபோன பால் செம்பில் அப்படியே தளும்பியது. எலும்புக்கென்று வாங்கிய புதுக்கலயம் அவர் கக்கத்தில் காலியாக இருந்தது.

“விறகு சாம்பலாயிருச்சு. எரு சாம்பலாயிருச்சு. நடுவுல அவன் படுத்திருக்கான் முனீசு. கறுப்பா, உப்பி, ரெண்டாள் மொத்தத்துக்கு. கம்பளிய இழுத்துப் போத்துனவன் மாதிரி. கம்ப வச்சு ஓரத்துல ஒரு இடத்த உடைச்சுப் பாத்தேன். உள்ள அவன் கை. பெருவிரல சேத்துக் கட்டுன துணி இருக்குல்ல, அது வெள்ளையாவே இருக்கு.”

சொல்லிவிட்டு மனிதர் படியில் உட்கார்ந்து அழுதார். கத்துகிறவரைப் பார்த்தால் எனக்குப் பயமில்லை. சீனிப்பாண்டி அழுது நான் பார்த்ததில்லை. அப்போதுதான் குழாயை மூடினேன்.

எங்கள் காலனியை நீங்கள் பார்த்திருக்க நியாயமில்லை. சாத்தூருக்குக் கிழக்கே கரிசல் காட்டு நடுவில் வரிசை வீடுகள். குடியிருப்பவர்கள் எல்லாரும் சந்திரோதயம் வெடி ஆலைக்காரர்கள். காலம் எங்கேயோ போய்விட்டது. அமரர் ஊர்திகூட டிரைவர் இல்லாமல் தானே வந்து ஹாரன் அடிக்கிறது. ஆனால் வெடிக்கு மருந்து கலக்க மட்டும் இன்னும் மனிதக் கைதான். மெஷின் கலந்தால் பொறி பறக்குமாம். மனிதன் கலந்தாலும்தான் பறக்கும். மெஷினுக்கு விலை அதிகம், அவ்வளவுதான்.

முன்பெல்லாம் தீபாவளி சீசன் முடியும்போது எங்கள் தெருவில் சில வீடுகள் காலியாகியிருக்கும். அப்புறம் வெண்ணெய் வந்தது. டப்பாவில் அச்சடித்த பெயர் நீளமான இங்கிலீஷ். பார்க்க வெள்ளையாய், வழவழப்பாய் இருந்ததால் நாங்கள் வைத்த பெயர் கம்பெனி வெண்ணெய். உண்மையில் அது ஒரு பிசின். வேலைக்குப் போகும் முன் உடம்பில் பூசிக்கொண்டால் தீ தோலில் ஏறாது. வந்த வருஷமே ஒரு கலவை அறை தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்கள் புருவம் மட்டும் இல்லாமல் நடந்து வெளியே வந்தார்கள். அன்றைக்குத் தெருவில் பாயசம் வைத்தோம்.

பாயசத்தின் ஈரம் காய்வதற்குள் கம்பெனிக்கு யோசனை வந்துவிட்டது. ஆள்தான் எரிவதில்லையே, நாலு பேர் நிற்க வேண்டிய அறையில் பன்னிரண்டு பேர் நின்றால் என்ன? நின்றார்கள். பயம் போய்விட்டால் இடம் தாராளமாகிவிடும் போலிருக்கிறது.

நாங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. வெண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாமியாக்கிவிட்டோம். பிள்ளை பிறந்தால் நெற்றியில் ஒரு பொட்டு. பெண்ணுக்கு நலங்கு வைக்கும்போது மஞ்சளோடு ஒரு தீற்று. செத்தவரைக் குளிப்பாட்டுகையில் உறவுமுறைக்காரர்கள் தலையில் எண்ணெய் சீயக்காய் வைப்பது எல்லா ஊரிலும் உண்டு. எங்கள் ஊரில் கூட வேலை பார்த்தவர்களும் வரிசையில் வந்து, ஆளுக்கொரு விரல் வெண்ணெய் தொட்டு வைப்பார்கள். நல்லவருக்கு விரல் அதிகம் விழும். போன வருஷம் வேலம்மா செத்தபோது விறகு இரண்டு பங்கு செலவானது. நல்ல மனுஷி, அதுதான் பிரிய மனசில்லாமல் மெதுவாக வேகிறாள் என்று பேசிக்கொண்டோம். பேசியதில் நானும் ஒருத்தி.

தவசிமுத்து கலவை அறைக்கு ஃபோர்மேன். அதிர்ந்து பேசாதவர். ராத்திரி படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை. நெஞ்சு நின்றுவிட்டது என்றார் டாக்டர். டப்பாவோடு நின்ற வரிசை தெருமுனை தாண்டிப் போனது. அவரை எடுத்துக்கொண்டு போனது அதற்குப் பிறகுதான்.

பிணம் கிடக்கிற தெருவில் அடுப்பு மூட்டுவதில்லை. எடுத்த பிறகு வாசல் கழுவி மூட்டலாம். இப்போது கேள்வி என்னவென்றால், எடுத்தாயிற்றா இல்லையா?

“தெருவ விட்டுப் போயாச்சுல்ல? மூட்டலாம்.”

“போனவரு போய்ச் சேரலியே. அங்கன முழுசாப் படுத்துக் கெடக்காரு. நீ மூட்டு பாப்போம்.”

யாரும் மூட்டவில்லை. புருஷன்மார்கள் பரோட்டா வாங்கிக்கொண்டு வந்தார்கள். பூசாரி கோயில் கதவைச் சாத்திக்கொண்டார். டவுன் தகன மேடையில் கேட்டதற்கு, உப்பி உலை வாயை அடைத்துவிட்டால் யார் பொறுப்பு என்று கையை விரித்தார்கள். சீனிப்பாண்டி விடவில்லை. மறுபடி விறகடுக்கி, டின் டின்னாக எண்ணெய் ஊற்றி இன்னொரு முறை கொளுத்தினார். தீ தவசிமுத்துவைச் சுற்றி எரிந்ததே தவிர அவரைத் தொடவில்லை. ஆற்றுத் தண்ணீர் பாறையைச் சுற்றிப் போவதுபோல் போயிற்று என்று போய் வந்தவர்கள் சொன்னார்கள். தணிந்தபோது இன்னும் கொஞ்சம் உப்பியிருந்தார்.

என் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் ஓடைக்கு அப்பால் சுடுகாட்டுத் தகரக் கொட்டகை தெரியும். துணி காயப்போடும்போது பார்க்கக் கூடாது என்றுதான் போவேன். பார்ப்பேன். கொட்டகை நிழலுக்குள் இன்னொரு நிழல் படுத்திருக்கும். வெயில் ஏறும்போது அந்தக் கரி ஓடு ‘சடக், சடக்’ என்று விரியும். காற்று இந்தப் பக்கம் அடித்தால் சத்தம் வீட்டுக்குள் கேட்கும். யாரோ விரல் நெட்டி முறிப்பது மாதிரி. தவசிமுத்து தெருவில் நடக்கும்போது நெட்டி முறித்துக்கொண்டேதான் வருவார் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். எனக்கு அப்படி ஞாபகம் இல்லை. ஆனால் அவள் சொன்ன பிறகு ஞாபகம் வந்துவிட்டது. அதுதான் தொல்லை. நாய்கள் ஓடையைத் தாண்டவில்லை. வாடையும் இல்லை. வாடை வந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

முனீஸ்வரி வீட்டில் வேறு கவலை. மகள் தர்ஷினிக்கு ஆவணியில் கல்யாணம் பேசியிருந்தது. மாப்பிள்ளை அபினேஷ், அருப்புக்கோட்டைக்காரன், தூத்துக்குடி துறைமுகத்தில் வேலை. சம்பந்தியம்மா போனில் பேசியது எதிர்வீடு வரைக்கும் கேட்டது. அவர் தொண்டை அப்படி.

“சாம்பல் கரைக்காம கருமாதி எப்படிப் பண்ணுவீக? கருமாதி பண்ணாம தீட்டு எப்படிக் கழியும்? தீட்டோட ஒரு பொண்ண நான் வீட்டுக்குள்ள எப்படிக் கூப்பிடுவேன்? நீங்களே சொல்லுங்க.”

முனீஸ்வரி போனை மகளிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

கம்பெனியிலிருந்து கிளாட்வின் சார் வந்தார். வெண்ணெய் தயாரிக்கிற பிரிவில் கெமிஸ்ட். மார்த்தாண்டம் பக்கத்துப் பையன், பேசும்போது தரையையே பார்ப்பார். தெருவில் அடுப்பு எரியாததால் கடைக் காப்பியை ஃப்ளாஸ்கில் எடுத்துக்கொண்டு நான் போனேன். போனவள் உட்கார்ந்துவிட்டேன்.

“ஏன் எரியலன்னு மட்டும் சொல்லுங்க,” என்றார் சீனிப்பாண்டி.

“தீ கட்டையைத் தின்னுறதில்ல சார். சூடு பட்டதும் கட்டையிலிருந்து ஒரு ஆவி வரும். தீ தின்னுறது அந்த ஆவியைத்தான். ஆவி வர விடாமப் பண்ணிட்டா தீ பட்டினி. வெண்ணெயில இருக்கிற பிசின் மூணு விதமா அதைப் பண்ணுது. சூடு ஏறினா முதல்ல தனக்குள்ள இருக்கிற தண்ணியை விட்டு ஆத்தும். அடுத்தது, தீங்கிறது ஒரு துணுக்கு இன்னொண்ணைத் தட்டி எழுப்பி, அது அடுத்ததைத் தட்டி எழுப்பி, அப்படிப் பரவுறது.”

“தெருவுல சேதி பரவுற மாதிரி,” என்றாள் தர்ஷினி, என்னைப் பார்த்து. அழுது வீங்கிய கண்ணோடும் அந்தப் பெண்ணுக்கு வாய் குறையவில்லை.

“ஆமா. நடுவுல ஒருத்தர் பூந்து வாயைப் பொத்திட்டா சேதி நின்னுடும்ல? பிசின்ல உள்ள பாஸ்பரஸ் அந்த வேலையைப் பார்க்கும். மூணாவதுதான் முக்கியம். நீங்க பாம்பு மாத்திரை செய்யுறவங்க, உங்களுக்குச் சொல்ல வேண்டாம். கொளுத்தினா என்ன ஆகும்?”

“உப்பிக் கரியா எழும்பும்.”

“அதேதான். மேல் பூச்சு கருகி, உப்பி, கெட்டியான ஓடாகிடும். உள்ள காத்து அறைகள். சூடு உள்ள போகாது, ஆவி வெளிய வராது. எவ்வளவு எரிக்கிறீங்களோ அவ்வளவு ஓடு தடிக்கும்.”

“இத்தன வருஷமாப் பூசிட்டுத் திரியுறோம். அப்ப நாங்க எல்லாரும்?” சீனிப்பாண்டி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சொன்னால் சிரிப்பீர்கள், நானும் என் கையைப் பார்த்தேன்.

“இல்ல சார், பயப்படாதீங்க. உயிருள்ள தோலு வேர்க்கும், உதிரும். வெண்ணெய் இளகியே இருந்து சாயங்காலம் சோப்புக்குப் போயிடும். வேர்க்காத தோல்ல அது இறுகிடும். இறுகி உள்ள இறங்கும். இதை நாங்க சோதிக்கவே இல்ல.” அவர் இன்னும் கீழே குனிந்தார். “செத்தவங்களுக்கு யாராவது பூசுவாங்கன்னு எங்களுக்குத் தோணல.”

“புதைச்சிரலாமா?” என்று கேட்டாள் தர்ஷினி.

“எங்க வம்சத்துல புதைக்கிறதில்ல!” என்று சீனிப்பாண்டி பாய்ந்தார்.

“புதைச்சாலும் அதே கதைதான் சார். மண்ணும் உள்ள போகாது. உங்க பேரப்பிள்ளைகள் தோண்டிப் பார்த்தாலும் மீசையோட இருப்பார்.”

காற்று இந்தப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். ‘சடக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. எல்லாருக்கும் கேட்டது, எல்லாரும் கேட்காததுபோல் இருந்தோம்.

அப்புறம்தான் கிளாட்வின் சார் வந்த வேலையைச் சொன்னார். சொல்ல அவருக்கே பிடிக்கவில்லை என்பது தெரிந்தது. கம்பெனி தவசிமுத்துவைக் கேட்டது. சென்னையில் பெரிய கண்காட்சிக் கூடம் கட்டுகிறார்களாம். கண்ணாடிப் பெட்டிக்குள் மரியாதையாக வைப்பார்களாம். மாலை போடுவார்களாம். வெள்ளிக்கிழமை குளிர்சாதன வண்டி வரும், மனைவி சம்மதம் மட்டும் வேண்டும். சீனிப்பாண்டியின் மகனுக்கு ஆபீசில் வேலை போட்டுத் தரவும் யோசிக்கிறார்கள்.

சீனிப்பாண்டி மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “கெடக்குறதுக்கு அங்கயாவது ஒரு மதிப்பா...” என்று ஆரம்பித்தார்.

“மதிப்பா?” என்று முனீஸ்வரி எழுந்தாள். அன்றைக்கு அவள் பேசிய முதல் வார்த்தை அது. “அத்தான், உசிரோட இருந்த வரைக்கும் அந்த மனுசன் கலவை அறையில நின்னாரு. செத்தும் அவனுகளுக்கு நிக்கணுமா? பள்ளிக்கூடத்துப் பிள்ளைக வரிசையில வந்து பாக்கும். எம்மக அவ பிள்ளைகளக் கூட்டிட்டுப் போயி, அந்தா பாரு உங்க தாத்தா, எரியாத மனுசன்னு காட்டணுமா? அவரு போகணும். நாம எல்லாரும் போற எடத்துக்கு அவரும் போகணும்.” பிறகு கிளாட்வின் சாரிடம், “இத எடுக்கிறதுக்கு வழி இருக்கா இல்லியா? ஒத்த வார்த்தையில சொல்லுங்க,” என்றாள்.

“இருக்கு. ஆனா...”

“சொல்லுங்க தம்பி.”

“வேர்வைதான் அதை இளக்கும். வேர்வைன்னா உப்பும் சூடும். கரி ஓட்டை உடைச்சு எடுத்துட்டு, வெதுவெதுப்பான உப்புத் தண்ணி விட்டு விட்டு, கையால தேய்க்கணும். மெஷின் போட்டா தோலோட வந்துடும். ரொம்ப நேரம் ஆகும். ரொம்பக் கைகள் வேணும்.” அவர் கொஞ்சம் தயங்கினார். “இன்னொண்ணு கேக்கலாமாம்மா? ஆளுக்கொரு விரல் வச்சதுக்கு இவ்வளவு உப்பாது. நான் போய்ப் பார்த்துட்டுத்தான் வர்றேன். யாரோ உடம்பு முழுக்க, அடுக்கடுக்காப் பூசியிருக்காங்க. பூசத் தெரிஞ்ச கை.”

சீனிப்பாண்டி முனீஸ்வரியைப் பார்த்தார். தர்ஷினி பார்த்தாள். நான் பார்க்காமல் இருப்பேனா? முனீஸ்வரி காலி ஃப்ளாஸ்கை எடுத்து என் கையில் கொடுத்தாள். போகச் சொல்கிறாள் என்று புரிந்தது. வாழ்க்கையில் எனக்கு அவ்வளவு கஷ்டமான நடை வேறு இல்லை.

உப்பு மறுநாளே வந்துவிட்டது. தர்ஷினி அபினேஷிடம் சொல்ல, அவன் அம்மாவிடம் சொல்லாமல் தூத்துக்குடியிலிருந்து ஒரு லாரி உப்பு அனுப்பிவிட்டான். பழைய லாரி, டிரைவரோடு வந்தது. டிரைவர் பெயர் இசக்கிராஜா, பெண்சாதியை இழந்தவர், ஒரே மகன் பஹ்ரைனில். இதெல்லாம் மூட்டை இறக்குகிற நேரத்துக்குள் நான் தெரிந்துகொண்டது. தண்ணீர் சுட வைக்க அடுப்பு மூட்டக் கூடாதே என்ற பிரச்சினையைச் சித்திரை வெயில் தீர்த்தது. மொட்டைமாடிகளில் கறுப்பு டிரம்களை வரிசையாக வைத்தோம். கை பொறுக்கிற சூடு வந்தது.

பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. சீனிப்பாண்டி அதையும் எடுத்தார்.

“தெனமும் காலையில அவுக அவுக புருஷனுக்கு முதுகுல பூசி விடுறது யாரு?” என்றாள் முனீஸ்வரி. “ஆம்பளைகளா? பூசத் தெரிஞ்சவதான் தேய்ச்சு எடுக்கவும் வேணும். நீங்க ஓடைக்கு அந்தால நின்னு டிரம்ம உருட்டி விடுங்க. போதும்.”

போனோம். வேலம்மாவின் மருமகள், பூசாரி பெண்சாதி, எதற்கும் வராத மூன்றாம் தெருக்காரிகள்கூட. விரல் வைத்தவர்கள் எல்லாரும் வந்தார்கள். கிட்டப் போய்ப் பார்த்ததும் நாலைந்து பேர் திரும்பி ஓடினார்கள். நானும் ஓடியிருப்பேன், முந்தானையை முனீஸ்வரி பிடித்திருந்தாள்.

கரி ஓடு பார்க்கத்தான் பாறை. எடுத்தால் கனமே இல்லை, காய்ந்த சுரைக்கூடு மாதிரி. உடைக்க உடைக்கக் கையில் மினுக்கும் கறுப்புத் தூள். உள்ளே தவசிமுத்து. முகத்தில் வேலை விட்டு வரும்போது இருக்கிற அதே அலுப்பு. இரண்டு முறை கொளுத்தியும் உதட்டுக்கு மேல் ஒரு மயிர் பொசுங்கவில்லை. யாரோ ஒருத்தி “எண்ணே” என்று வாய்விட்டுக் கூப்பிட்டுவிட்டாள். எல்லாருக்கும் உடம்பு ஒரு முறை தூக்கிப் போட்டது. அவர் பதில் சொல்லியிருந்தால்கூட நாங்கள் அவ்வளவு ஆச்சரியப்பட்டிருக்க மாட்டோம் என்று இப்போது தோன்றுகிறது.

உப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்தோம். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மெல்ல வெள்ளையாக இளகித் திரள் திரளாக வந்தது. கால் பக்கம் நான்கு பேர், ஒவ்வொரு கைக்கும் ஒருத்தி. குப்புறத் திருப்பினோம். முதுகில்தான் பூச்சு மிகக் கெட்டி. முனீஸ்வரி அங்கே உட்கார்ந்தாள். அவளுக்கு இந்தப் பக்கம் நான்.

தேய்க்கத் தேய்க்க அவள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். ஒப்பாரி என்றுதான் முதலில் நினைத்தேன். ஒப்பாரிக்கு ஒரு இழுப்பு இருக்கும், இதில் இல்லை. காதைத் தீட்டிக் கேட்டேன். அடுப்படிக் குழாய் ஒழுகுவதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் தம்பி சீட்டுக் கட்டாமல் ஏமாற்றியது. தர்ஷினிக்குப் பட்டு எடுக்கக் கோயில்பட்டிக்குப் போனால் போதுமா, காஞ்சிபுரம் போக வேண்டுமா என்று ஒரு கேள்வி. பழைய சேதிகள், பல வருஷத்துச் சேதிகள், ஒன்றன்பின் ஒன்றாக.

பூச்சு விலகித் தோல் தெரிந்தது. நான் கையை எடுத்துவிட்டேன்.

முதுகு முழுவதும் பொட்டுப் பொட்டாகத் தீத்தழும்பு. சிலது பழையது, வெளுத்துவிட்டது. சிலது போன மாதத்தது. கலவை அறையில் பறக்கிற பொறி விழுந்த தடம். கை எட்டுகிற இடமெல்லாம் தோல் சுத்தமாக இருந்தது. தோள்பட்டைக்குக் கீழே, நடுமுதுகில், கை எட்டாத வட்டத்துக்குள் மட்டும் அம்மை வார்த்த மாதிரி. உயிரோடு இருந்தபோது வெண்ணெய் எட்டாத இடம்.

“என்னடி இது?” என்றேன். குசுகுசுப்பாகத்தான். அந்த இடத்தில்கூடக் கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

“நாலு வருஷமா நாங்க பேசிக்கல மதினி.”

எதிர்வீட்டில் இருக்கிறேன். அவர்கள் வீட்டில் குக்கர் எத்தனை விசில் அடிக்கிறது என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாமல் ஒரு வீட்டில் நாலு வருஷம் பேச்சில்லை.

“தர்ஷினி மூலமாத்தான் எல்லாம். உங்கப்பாட்ட சொல்லு, உங்கம்மாட்ட சொல்லுன்னு. கலவை அறைய விட்டு வாங்கன்னு கேட்டேன். கூட்டத்தக் கூட்டிக்கிட்டே போறான், என்னைக்காவது சுவரே மேல விழும்னு சொன்னேன். சிரிச்சாரு. வெண்ணெய் இருக்கையில என்ன பயம்னாரு. ஆத்திரம் தாங்கல. அப்ப இனி நீங்களே பூசிக்கோங்க, நான் தொட மாட்டேன்னு டப்பாவத் தூக்கிப் போட்டேன். மறுநாள் கூப்பிடுவாருன்னு இருந்தேன். அவரு நான் வருவேன்னு இருந்திருப்பாரு. அப்படியே போயிருச்சு.”

“வேற யாருகிட்டயாவது பூசச் சொல்லிருக்கலாமே, கூட வேலை பாக்குறவன்கிட்ட?”

“சொல்லல பாத்தீகளா?” அவள் அந்தத் தழும்புகள் மேல் உள்ளங்கையை வைத்தாள். “எனக்கே அன்னைக்குக் காலையிலதான் தெரியும். எழுப்பப் போனேன். சட்டையில்லாமக் குப்புறக் கெடந்தாரு. உசிரு இல்லன்னு தெரிஞ்சிருச்சு. முதுகப் பாத்தேன். யாரையும் கூப்பிடத் தோணல. டப்பாவ எடுத்தேன். பூசி முடிச்சுட்டுக் கூப்பிடலாம்னு பூசுனேன். முதுகோட நிறுத்த முடியல. ஒரு டப்பா தீந்துச்சு, அடுத்தது தொறந்தேன். நான் வேணும்னுதான் பூசுனேன் மதினி. போக விடக் கூடாதுன்னு இல்ல. ஒத்தப் பொறி கூட இனி இவர் மேல விழக் கூடாதுன்னு. அவரத் தீயிலதான் வைக்கப் போறாங்கங்கிறதே அந்நேரம் எனக்கு ஞாபகம் இல்ல.”

நான் இதை யாரிடமும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் வரைக்கும்.

வெயில் சாய்ந்தபோது அவர் உடம்பு எங்கள் உடம்பு மாதிரி ஆகியிருந்தது. வெளிறி, ஊறி, சாதாரணப் பிணமாக. லேசாக வாடைகூட அடித்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் நின்ற ஆண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள், பெண்கள் அழுதோம். வேட்டி மாற்றி, விறகடுக்கி, மூன்றாவது முறையாகச் சீனிப்பாண்டி கொள்ளி வைத்தார். தீ கொஞ்ச நேரம் தயங்கியது. பிறகு ஏறியது. புகை நேரே எழும்பியபோது முனீஸ்வரி ஒரு அடி முன்னால் போனாள். தர்ஷினி பிடித்துக்கொண்டாள். எரிந்து முடிகிறவரை பெண்கள் யாரும் திரும்பவில்லை. யாரும் திரும்பச் சொல்லவும் இல்லை. தெருவுக்கு வந்து எல்லா வீட்டிலும் அடுப்பு மூட்டினோம். எனக்குத் தீக்குச்சி மூன்று வீணானது.

வெள்ளிக்கிழமை குளிர்சாதன வண்டி வந்தது. அதற்கும் டிரைவர் கிடையாது. சேதியை யாரிடம் சொல்வது? முனீஸ்வரி வீட்டு வாசலில் பகல் முழுக்க நின்று ஹாரன் அடித்துவிட்டுத் தானே திரும்பிப் போனது.

டப்பாவில் இப்போது புதிதாக ஒரு வரி அச்சடிக்கிறார்கள், இறந்தவருக்குப் பூசக் கூடாது என்று. கலவை அறையில் இன்னும் பன்னிரண்டு பேர்தான். எங்கள் ஊரில் யார் செத்தாலும் இப்போது உப்புத் தண்ணீரில் குளிப்பாட்டுகிறோம், வெண்ணெய் தொடாதவரையும்கூட. ஆதிகாலத்துச் சடங்கு என்று மூன்றாம் தெருக்காரி புது மருமகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்ததை நானே கேட்டேன்.

தர்ஷினி கல்யாணம் ஆவணியில் நடக்கவில்லை. தையில் நடந்தது. சம்பந்தியம்மா மணவறையில் ஈர விரலால் பெண்ணின் முழங்கையைத் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் தாலியை எடுத்துக் கொடுத்தார். இருவரும் தூத்துக்குடியில் இருக்கிறார்கள், ஒரு பையன். சீனிப்பாண்டி திருப்பூருக்கு மகன் வீட்டோடு போய்விட்டார். அந்த மகனுக்கு இங்கே ஆபீஸ் வேலை கிடைக்கவில்லை. கிளாட்வின் சார் கம்பெனியை விட்டுவிட்டு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகி, கூட வேலை பார்க்கிற டீச்சரையே கட்டிக்கொண்டார். பத்திரிகை அனுப்பியிருந்தார். எங்கள் தெருவில் பாதிப் பேர் போனோம், சாப்பாடு பரவாயில்லை.

முனீஸ்வரி விஷயம்தான் ஊரே எதிர்பாராதது. நான் எதிர்பார்த்தேன். உப்பு இறக்கி முடித்த பிறகும் அந்த லாரி மாதம் ஒரு முறை எங்கள் தெரு வழியாகப் போகக் காரணம் என்ன இருக்கிறது? வேம்பாருக்குப் போகிற வழி இது என்றார் இசக்கிராஜா. கடலோரத்து வேம்பாருக்குப் போகிறவன் சாத்தூரைச் சுற்றிக்கொண்டு போவானா? இரண்டு வருஷம் கழித்து, மகள் முன்னால் நின்று மாலை மாற்ற வைக்க, முனீஸ்வரி அவரைக் கட்டிக்கொண்டு முள்ளக்காட்டுப் பக்கம் உப்பளத்துக்கு அருகே குடிபோனாள்.

போன மாதம் தர்ஷினி பையனுக்கு மொட்டை போடப் போயிருந்தேன். முனீஸ்வரி வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரியிடம் நைசாகப் பேச்சுக் கொடுத்தேன், புருஷன் பெண்சாதி எப்படி என்று.

“அதை ஏன் கேக்குறீங்க,” என்று அவள் தலையில் கை வைத்தாள். “விடிஞ்சா சண்டை, படுக்குற வரைக்கும் சண்டை. இவ ஒண்ணு சொன்னா அவரு ஒம்போது சொல்லுவாரு. தெருவே தூங்க முடியல.”

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அன்றைக்கு நான் நன்றாகத் தூங்கினேன்.